மூன்றாம் தரம்

பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் ஏலம்.
ஏறு கயிறுகளைச் சுருட்டி உத்தரத்தில் கட்டியிருந்தார்கள்.
வேசர் ஆற்றுக் குளிர்
சன்னல் கண்ணாடியில் வியர்த்துக்கொண்டிருந்தது.
எனக்கு ஒரு மேசை, ஒரு முக்காலி, ரசீதுப் புத்தகம்.
கையெழுத்து நன்றாயிருக்கும் என்று
வரி அலுவலகத்தில் என்னைத்தான் அனுப்பினார்கள்.

எட்டு மணிக்கே வாசலில் வரிசை.
ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிகள். கைவண்டிகள்.
குழந்தை வண்டி ஒன்று, குழந்தை இல்லாமல்,
பாத்திரம் ஏற்றிப் போக.
யாரும் கத்தவில்லை. யாரும் யாரையும் இடிக்கவில்லை.
ஒரு கிழவருக்கு இடம்கூட விட்டார்கள்.
நீங்கள் கேட்பதால் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்:
அந்த ஊர் அவ்வளவு மரியாதையாய் இருந்து
அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சாமான்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான்.
ஆனாலும் தெரியாதவர் யார்?
நாற்பத்தொன்று, டாக்டர் வோர்ம்சரின் பல் நாற்காலி.
அதில் சாய்ந்து வாய் திறக்காதவர் ஊரில் இல்லை.
அன்று விலை கேட்கத் திறந்தார்கள்.
ஐம்பத்திரண்டு, வெள்ளரிக்காய் ஊறிய ஜாடி,
பாதி காலி, உள்ளே மரக்கரண்டி.
ஜாடிக்குத்தான் காசு, காய் இனாம் என்றார் ஏலக்காரர்.
கூடமே சிரித்தது.
நானும்.

அறுபத்துமூன்று, தையல் இயந்திரம்.

அதை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான்.
காதால் பதினோரு வருஷம்.
எங்கள் படுக்கையறைக் கூரைக்கு மேல்
ரிக்கா லெஃப்மான் மிதித்துக்கொண்டே இருப்பாள்.
கல்யாண மாதங்களில் வேகமாக,
அவள் புருஷன் செத்த வாரத்தில் ஒன்றுமே இல்லாமல்.
அப்புறம் அந்தச் செப்டம்பர்.
மூன்று இரவு விடாமல் ஓடியது.
கொஞ்சம் ஓடும், நிற்கும்.
கொஞ்சம் ஓடும், திரும்பும்.
ஆறு முறை திரும்பினால் ஒன்று முடிந்தது என்று
இருட்டில் படுத்தபடி நான் எண்ணினேன்.
மாடிப்படியில் ஆட்கள் ஏறினார்கள்,
கையில் மடித்த கோட்டோடு,
சின்னச் சின்னக் கோட்டுகளோடும்.

"ஒரு தரம்" என்றார்.
இரும்பு வியாபாரி ஒருவன் கை தூக்கியிருந்தான்.
பின்வரிசையில் ஒரு சாம்பல் கையுறை எழுந்தது.
எனக்குத் தெரியும் அந்தக் கையுறையை.
கட்டைவிரல் ஓட்டையை நான்தான் தைக்கச் சொல்லியிருந்தேன்.
"ரெண்டு தரம்."
கெசீனே, என் மனைவி,
என்னைப் பார்க்காமல்
ஏலக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் இறகை, இல்லை, பேனாவை,
மையில் தோய்த்து வைத்துக்கொண்டேன்.
"மூணு தரம்."
என் பெயருக்கு நானே ரசீது எழுதினேன்.
முப்பத்தெட்டு மார்க்.
அடியில் கோடு, வளைவில்லாமல்.

வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றினால்
ஊசியில் நூல் கோத்தபடியே இருந்தது.
மஞ்சள்.
உருளையில் இன்னும் பாதி.
கெசீனே கொஞ்ச நேரம் நின்றாள்.
அறுத்துப் போடப் போகிறாள் என்று நினைத்தேன்,
நான் அறுத்திருப்பேன் என்றும் நினைத்துக்கொண்டேன்.
யுத்த காலம், நூலுக்குச் சீட்டு வேண்டும் என்றாள்.
பிறகு உட்கார்ந்து மிதித்தாள்.

விமானங்களுக்கு ஒளிய எல்லோரும் தைத்த
அதே கறுப்புத் திரைதான்.
மடிப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டால்
தையல் வெளியே தெரியாது.
நல்ல வேலை.
தெருவுக்கு ஒரு பொட்டு வெளிச்சம் கசியவில்லை
என்று ரோந்துக்காரரே பாராட்டினார்.

தெரியுமா, தெரியாதா என்று கேட்கிறீர்கள்.
எனக்கு விலைகள் தெரியும்.
நாற்காலி, ஜாடி, இயந்திரம், எல்லாம் சொல்வேன்.
இன்னொன்றும் நினைவிருக்கிறது.
மேல்வீட்டுக்குப் புதிதாய் வந்தவர்கள்
ஒரு ராத்திரி துடைப்பக் கட்டையால்
தரையைத் தட்டினார்கள்,
கீழே யாரோ தைக்கும் சத்தத்தில்
தூங்க முடியவில்லை என்று.